ஆகாசவாணிக்கு இசை தந்த அகதி

ஆகாசவாணியின் முகப்பிசையை அறியாத தமிழ் வானொலி நேயர்கள் முன்னொரு காலத்தில் இல்லையென்றே கூறலாம். தமிழகத்தவர் மட்டுமன்றி, திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவரும் தம்பூராவின் சுருதியோடு எழும் அந்த நாதத்தைக் கேட்டே பொழுது புலர்வதை அறிந்தனர். சிவரஞ்சனி இராகத்தின் சாயல் கொண்ட அச்சிற்றிசையை ஆக்கியவரெனப் பொதுவாக அறியப்படுபவர் இந்தியர் அல்லர். ஹிட்லரின் ஆட்சியில் தம் இனத்தவர்க்கு எல்லாக் கதவுகளும் அடைபடுவதைக் கண்டு பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூதர் அவர். வால்ரர் கவுஃப்மன் என்பது அவர் பெயர். வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் சிதறி வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1907 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாந் திகதி, பொகீமியாவின் கார்ல்ஸ்பாட் நகரில் அவர் பிறந்தார். அன்று ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த அவ்வூர், 1918 இன் பின் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு உரியதாயிற்று. ஜேர்மன் மொழி பேசும் யூதக் குடும்பத்தில் தோன்றிய கவுஃப்மன், பேர்லினுக்குச் சென்று பிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையாக்கமும், கேர்ட் சாக்ஸிடம் கீழைத்தேய இசையியலும் கற்றார். ஆசிரியர் இருவரும் யூத வழியினர். ஷ்ரேக்கர் 1932 இல் கல்லூரித் தலைமையை விட்டு விலக நேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்தார். சாக்ஸ் 1933 இல் பதவி நீக்கப்பட்டுப் பாரிசுக்கும், பின்னர் நியூயோர்க்குக்கும் அகதியாகச் சென்றார்.

1933 இல் ஜேர்மன் அரங்குகளுக்கு நேர்ந்ததை இங்கு சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். அவ்வாண்டு செப்ரெம்பரில் கொயபெல்ஸின் கீழ் நாஸி அரசு கலாசாரச் சபையொன்றை நிறுவியது. அதில் உறுப்புரிமை பெறாதவர் பாடவோ நடிக்கவோ இசையமைக்கவோ இயலாது. யூதருக்கோ உறுப்புரிமை மறுக்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதத்தில் வந்த சட்டம் நாடக அரங்குகள் அனைத்தையும் பிரசார அமைச்சின் பிடிக்குள் கொண்டுவந்தது. எந்த நாடகம் மேடையேறலாம் என்பதை அரச தணிக்கையாளர் தீர்மானித்தனர்.

பெரும் அடி விழுந்தது ஒப்பெரற்றா எனப்படும் இலகு இசை நாடகத்துக்கே. அதன் புகழ்மிக்க படைப்பாளிகளில் யூதர் பலர். கால்மன், ஒஸ்கார் ஸ்ட்ராவுஸ், போல் ஆப்ரகாம் ஆகியோரின் ஆக்கங்கள் மேடையிலிருந்து அகற்றப்பட்டன. 1932 டிசெம்பரில் பேர்லினில் புதிய நாடகத்தை அரங்கேற்றிப் பெரும் புகழ் பெற்ற ஆப்ரகாம், சில மாதங்களிலேயே நாட்டைவிட்டு வெளியேறினார். நியூயோர்க்கில் மனநோயுற்றுப் பல ஆண்டுகள் மருத்துவமனையில் கழித்து, 1960 இல் ஹம்பேர்க்கில் இறந்தார். யூதரல்லாத லெஹாரின் நாடகங்கள் தொடர்ந்து நடைபெற்றன. ஆயின் அவற்றுக்குப் பாடல் எழுதிய யூதக் கவிஞர்களின் பெயர்கள் நிகழ்ச்சித் தாள்களிலிருந்து நீக்கப்பட்டன. அவர்களுள் ஒருவரான பிரிட்ஸ் லோனர்-பேடா 1942 டிசெம்பரில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அவருடைய வரிகளுக்கு அரங்குகள் கைதட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் உயிர் பறிக்கப்பட்டது.

கவுஃப்மன் அப்போது பிராக் நகரின் ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வை முடித்திருந்தார். தமது பேராசிரியர் நாஸி இயக்கத்தவர் என்பதை அறிந்ததும் அப்பட்டத்தை ஏற்க மறுத்தார். பல ஆண்டு உழைப்பின் பயனை, பசிக்கு வழி தேடும் வயதில், அவர் துறந்தார். 1934 இல் கப்பலேறிப் பம்பாயை அடைந்தார்.

அங்கு முதன்முதலில் இந்திய இசைத்தட்டுக்களைக் கேட்டபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனினும் அவர் அவ்விசையை இகழவில்லை. இத்தனை கோடி மக்கள் விரும்பும் ஒன்று தமக்குப் பிடிபடவில்லையெனின், குறை தமது செவியிலேயே இருக்கவேண்டும் என்று கருதிக் கற்கத் தொடங்கினார். வேற்று நிலத்தில் வாழப்புகும் எவர்க்கும் இம்மனப்பாங்கு நல்வழி காட்டும்.

விரைவிலேயே அவர் பம்பாய் அறை இசைச் சங்கத்தை நிறுவினார். அதில் வயலின் வாசித்தவர் மேலி மேத்தா. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சுபின் மேத்தாவின் தந்தை அவரே. மோகன் பவ்னானியின் திரைப்படங்களுக்கும் கவுஃப்மன் பணியாற்றினார். 1937 முதல் அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேலைத்தேய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தார். இந்தியக் கதையைத் தழுவிய அனசூயா என்னும் அவரது இசை நாடகம் அந்நிலையத்தில் ஒலிபரப்பாயிற்று. தாய்நாட்டில் மேடை மறுக்கப்பட்ட இனத்தவர்க்கு அயல்நாட்டு வானொலி மேடையாயிற்று.

இதனிடையே அவர் விட்டுவந்த உலகம் அழிந்துகொண்டிருந்தது. 1938 செப்ரெம்பரில் மியூனிச் ஒப்பந்தம் கார்ல்ஸ்பாட்டை ஹிட்லரிடம் கையளித்தது. அவருடைய மனைவி கேர்ட்டி, எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் மருமகள். காஃப்காவின் சகோதரிகளுள் மூத்தவரும் கேர்ட்டியின் தாயாருமான எல்லி, 1941 இல் லொட்ஸ் நகரின் யூதச் சேரிக்கு அனுப்பப்பட்டார், மீளவில்லை. ஏனைய இரு சகோதரிகளும் நாஸிகளின் கையிலேயே மாண்டனர். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் ஒருநாள் நின்றுபோதல் என்னவென்பதை நம்மில் பலர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1946 இல் கவுஃப்மன் இந்தியாவை விட்டு இலண்டனுக்கும், மறு ஆண்டு கனடாவின் ஹலிபாக்ஸ் நகருக்கும் சென்றார். 1948 முதல் சுமார் பத்தாண்டுகள் வினிபெக் இசைக்குழுவின் நடத்துநராக விளங்கினார். பின்னர் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசையியல் பேராசிரியரானார். வட இந்திய இராகங்கள் பற்றிய அவரது நூல் 1968 இலும், தென்னிந்திய இராகங்கள் பற்றிய நூல் 1976 இலும் வெளிவந்தன. நமது கர்நாடக இராகங்களின் ஆரோகண அவரோகணங்களைத் தொகுத்தளித்த அப்பெருநூல், முதலில் நம் நாட்டு இசை விளங்காமல் திகைத்த ஒருவரின் கைவண்ணம். 1984 செப்ரெம்பர் 9 ஆந் திகதி அவர் காலமானார்.

அவர் இயற்றிய இசை நெடுங்காலம் ஏடுகளிலேயே உறங்கிற்று. 2020 இல் ரொறன்ரோவின் இசைக்குழுவொன்று அவற்றுட் சிலவற்றைப் பதிவுசெய்து வெளியிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட மௌனத்தைத் தாளில் எழுதியிருந்தமையாலேயே அவை கடந்தன. தணிக்கையாளர் மேடையை மூடலாம், பெயரை அழிக்கலாம். எழுதிவைக்கப்பட்டதும், பிறர்க்குக் கற்பிக்கப்பட்டதும் அவர்கள் கைக்கு எளிதில் அகப்படுவதில்லை. நம் பெற்றோர் நினைவில் மட்டும் வாழும் கூத்துப் பாட்டுக்களும் நாட்டார் மெட்டுக்களும் இன்னும் எத்தனையோ உள. அவற்றைப் பதிந்து பிள்ளைகளிடம் சேர்ப்பதற்கு நமக்குள்ள காலம், அவர்களின் ஆயுட்காலமே.