சங்கம் கட்சியான கதை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை இறக்கிவிட்டு வந்த தோழர் ஒருவர் நம்மை மடக்கினார். கூலி கேட்கச் சங்கம் இருக்கிறது, பிறகு கட்சி எதற்கு என்றார். ஏட்டு விளக்கம் வேண்டாம் தோழர்களே! தென்னார்க்காட்டு மண்ணிலே வாழ்ந்த ஒருவரின் கதையைச் சொல்கிறோம்.

எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார் 1918-ல் பிறந்தவர். கடலூர் நகராட்சித் தலைவராக இருந்தவர். அந்நாளில் வயலில் வியர்வை சிந்திய வன்னியருக்கு அலுவலக நாற்காலி எட்டாக்கனி. கல்வியும் வேலையும் கேட்டு அவர்கள் சங்கம் மாநாடு கூட்டியது, தீர்மானம் போட்டது. கேட்பது சங்கம், கொடுக்கும் கை வேறொருவருடையது!

1949-ல் தென்னார்க்காடு ஜில்லா போர்டுத் தேர்தலில் சங்கமே இறங்கிற்று. 52 இடங்களில் 22 கிடைத்தன. ருசி கண்டபின் சும்மா இருப்பார்களா? 1951-ல் படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். பெயரைக் கவனியுங்கள், அதிலே சாதி இல்லை. சங்கம் தன்னவருக்காக மட்டும் பேசலாம். ஓட்டுக் கேட்பவன் ஊரெல்லாம் கைகூப்ப வேண்டுமே! ஆனால் பெயர் அகன்ற அளவுக்குக் கட்சி அகலவில்லை என்பதே நம் எண்ணம்.

1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. உழைப்பாளர் கட்சிக்கு 19; மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சிக்கு 6. நேற்றுவரை மனுவோடு நின்றவர்களை இன்று கோட்டை தேடிற்று! நாயகர் இராஜாஜி மந்திரிசபையில் சேர்ந்தார். படையாட்சியார் 1954-ல் காமராசர் மந்திரிசபையில் அமர்ந்தார். இரு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன.

துரோகம் என்று நாம் தூற்றமாட்டோம். ஸ்தல ஸ்தாபன இலாகா சிறிய பொறுப்பல்ல. ஆனால் மந்திரியானவர் மந்திரிசபை முடிவுக்குக் கட்டுப்பட்டவர்; உள்ளே வாதாடலாம், வெளியே வந்து மறியல் செய்ய முடியாது. உள்ளே போனவர் கதவைத் தட்ட வெளியே வலுவான சங்கத்தை விட்டுப் போனாரா? அங்கேதான் இடித்தது.

பின்னர் 1980-லும் 1984-லும் அவர் காங்கிரஸ் சார்பில் திண்டிவனத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். அவர் தில்லியில் இருந்த காலத்திலேயே, 1987 செப்டம்பரில், டாக்டர் இராமதாசு தொடங்கிய வன்னியர் சங்கம் சாலைகளை மறித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவிகிதம் ஒதுக்கித் தி.மு.க. அரசு ஆணையிட்டது.

1992-ல் மறைந்த படையாட்சியார் அதைக் கண்ணால் கண்டார். அதே 1989-ல் அந்தச் சங்கமும் கட்சியானதையும் கண்டார்.