கண்டிப்பேட்டைத் தண்ணீர் தந்த பொறியாளர்

கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவர் ஹைதராபாத்தை விட்டு அகலார் என்றொரு பேச்சு இந்நகரில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஈராண்டு தங்கும் எண்ணத்துடன் இவ்வூருக்கு வந்து, பேரக் குழந்தைகளையும் இங்கேயே கண்டுவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அப்பேச்சில் உண்மை இல்லை என்று நாம் எவ்வாறு சொல்வது?

அத்தண்ணீருக்கு வழி வகுத்தவர் சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. கண்ணம்பாடி அணை கட்டியவர் என்றே நம்மவர் அவரை அறிவர். காவிரியின் கடைமடையில் பிறந்தோர் சிலர் அப்பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பதும் உண்டு. அவ்வழக்கை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. நாம் சொல்லப் புகுந்தது, நகர மக்களுக்குக் குடிநீர் தேடிக் கொடுத்த விசுவேசுவரய்யாவைப் பற்றியே.

மைசூர் நாட்டில், நந்தி மலைக்கு அண்மையிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். தந்தையார் வடமொழி வல்லவர். பொருள் படைத்தவர் அல்லர். அவரும் மகனின் இளமையிலேயே காலமானார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கிடைத்த ஊதியத்தைக் கொண்டே விசுவேசுவரய்யா பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்று, 1881-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்கல்லூரி அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தது என்பது நமக்கோர் உறவு. பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகையால் புனாவில் பொறியியல் கற்று, 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக அமர்ந்தார்.

சிந்து மாகாணத்துச் சக்கர் நகரில்தான் அவருடைய கூரிய அறிவு முதன்முதல் யாவருக்கும் புலனாயிற்று. சிந்து நதி ஊரை ஒட்டியே ஓடியது. ஆயினும் அந்நீர் சேறு கலந்து குடிக்கத் தகாததாக இருந்தது. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் பணம் இல்லை. விசுவேசுவரய்யா ஆற்று மணலிலேயே கிணறு இறக்கினார். மணலினூடே கசிந்து வந்த நீர் தானே தெளிந்து கிணற்றில் நிறைந்தது. அதனைப் பொறி கொண்டு மேலேற்றி ஊருக்கு விட்டார். கோடையில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீரைக் குடத்தில் முகக்கும் நம் பெண்டிர் அறிந்த சூத்திரமே இது! அதனை ஒரு நகரம் முழுமைக்கும் ஏற்ற அளவில் செய்து காட்டியதே அவர் திறம்.

புனா நகருக்கு நீர் வழங்கிய கடக்வாசலா ஏரியில் மற்றொரு சிக்கல் இருந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மிகுநீர் வழிந்து வீணாயிற்று. கரையை உயர்த்தினால் பழைய அணை தாங்குமோ என்ற அச்சம். கலிங்கின் மேல் தாமே இயங்கும் கதவுகளை அவர் அமைத்தார். நீர் குறித்த மட்டத்தை எட்டும் வரை அவை மூடி நிற்கும்; அதற்கு மேல் ஏறினால் தாமே திறந்து விடும்; வெள்ளம் தணிந்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும். 1903-இல் அவை பொருத்தப்பட்ட பின், கரையில் கை வைக்காமலே ஏரியின் நீர்மட்டம் ஏறத்தாழ 8 அடி உயர்ந்தது.

1908-இல் பம்பாய் அரசுப் பணியை விட்டு விலகி ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டிருந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஹைதராபாத்தை மூசி நதி அழித்தது. மேல்நிலத்தில் இடைவிடாது பெய்த பெருமழையால் நிறைந்த ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. மூசியின் நீர்ப்பிடிப்பில் இருந்த எழுநூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளுள் இருநூற்றுக்கு மேற்பட்டவை கரை இழந்தன. மேலேரியின் நீர் கீழேரியை உடைக்க, எல்லாம் ஒன்றுதிரண்டு நகருக்குள் பாய்ந்தது. பாலங்கள் நீரில் மூழ்கின. தெருக்கள் இருந்த இடம் தெரியவில்லை. இறந்தோர் பதினையாயிரம் பேர் என மதிப்பிட்டனர். அப்சல்கஞ்சில், இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில், ஒரு புளியமரம் உண்டு; அதன் கிளைகளைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தவர் ஏறத்தாழ 150 பேர். அவ்வழியே செல்லும் அன்பர்கள் அம்மரத்தடியில் சற்று நின்று வருவார்களாக.

நிஜாம் மஹபூப் அலிகானின் அரசு விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவர் 1909 ஏப்ரலில் வந்து சேர்ந்தார். ஆற்றங்கரையில் உயர்ந்த சுவர் எழுப்புவதே பலருக்கும் தோன்றக்கூடிய பரிகாரம். அவரோ மழைக் கணக்கையும், ஏரிகளின் நிலையையும், ஆற்றின் அகலத்தையும் ஆராய்ந்து, நகருக்கு மேலே மூசியின் குறுக்கே ஒன்றும், அதன் துணையாறாகிய ஈசியின் குறுக்கே ஒன்றுமாக இரு பெரும் தேக்கங்கள் கட்டுமாறு கூறினார். வெள்ளத்தை அங்கே பிடித்து நிறுத்தி, ஆறு தாங்கும் அளவே கீழே விட வேண்டும் என்பது கருத்து. ஊரை அழித்த அதே நீர் ஊருக்குக் குடிநீராகவும் ஆக வேண்டும் என்பது அதன் மறுபாதி. கரைகளைச் சீராக்கிப் பூங்கா அமைப்பதும், கழிவுநீர்க் குழாய்கள் பதிப்பதும் அவர் திட்டத்தில் இடம் பெற்றன. அக்டோபரில் அறிக்கை அளித்துவிட்டு, நவம்பரில் மைசூரின் தலைமைப் பொறியாளராகச் சென்றுவிட்டார்.

திட்டத்தை நிறைவேற்றியவர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள். உஸ்மான் சாகர் 1920-இலும் ஹிமாயத் சாகர் 1927-இலும் முடிந்தன. கண்டிப்பேட்டை நீர் பொறியின் உதவியின்றி, நிலச் சரிவாலேயே ஆசிப்நகர் வடிகட்டும் தொட்டிகளை வந்தடையுமாறு கால்வாய் அமைத்தனர். இன்று நாகார்ஜுனசாகர்ப் பக்கத்திலிருந்து கிருஷ்ணை நீரை நூறு கிலோமீட்டருக்கு மேல் மின்சாரம் கொண்டு ஏற்றிக் கொணர்வதை நோக்கும்போது, இந்த எளிமையின் மதிப்பு நமக்கு விளங்கும்.

விசுவேசுவரய்யா மைசூரில் 1912 முதல் 1918 வரை திவானாக விளங்கினார். 1922-இல் மீண்டும் ஹைதராபாத்துக்கு வந்து கழிவுநீர் வேலைகளுக்கு ஆலோசனை தந்தார். 1955-இல் பாரத ரத்னா விருது பெற்றார். நூறாண்டைக் கடந்து வாழ்ந்து, 1962 ஏப்ரலில் பெங்களூரில் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற திட்டத்தில் கடினமான ஒரு முடிச்சு உண்டு. குடிநீருக்காக ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அதில் வெற்றிடமும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே காப்பது, மழைக்காலந்தோறும் மதகுகளின் பொறுப்பேற்போர் தலையில் விழும் சுமை. 2020 அக்டோபர்ப் பெருமழையில் ஹிமாயத் சாகரின் கதவுகளைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. இதற்கிடையில் நீர்ப்பிடிப்பு நிலத்தில் வீடுகள் பெருகின. இரு ஏரிகளைச் சுற்றிலும் 10 கிலோமீட்டர் அளவில் பெருங்கட்டடங்களுக்கு 1996-இல் விதித்த தடையை 2022-இல் அரசாணை ஒன்று நீக்கியது. குழாயில் கிருஷ்ணையும் கோதாவரியும் வருகின்றன, இனிப் பழைய ஏரிகள் எதற்கு என்பது அதற்குச் சொல்லப்பட்ட வாதம். அவை குடிநீருக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல என்பதை 1908-ஐப் படித்தவர் அறிவர். உஸ்மான் சாகரின் முழு மட்டம் 1790 அடி. அதை நீர் நெருங்கும் இரவுகளில் குடிநீர் வாரியத்தார் கண் விழித்து அளவு பார்க்கின்றனர். கதவைத் தூக்குமுன், கீழே மூசிக் கரையில் குடியிருப்போரை வெளியேறச் சொல்லி அறிவிப்புச் செய்கின்றனர்.