கப்பலேறிப் போன காண்ட்ராக்டர்

போன தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்போ வீட்டில் ஒரே விவாதம். அப்பா கடையநல்லூரில் சின்ன அளவில் கட்டட காண்ட்ராக்ட் எடுப்பவர். நம்ம ஊர், சொக்கம்பட்டி, அதிகம் போனால் தென்காசி. அதைத் தாண்டி அவருடைய கலவை மெஷின் போனது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது ஓசூர் பக்கம் இருபது வீடு கட்டுற வேலை ஒன்று தேடி வந்திருந்தது. ஒன்றரை வருஷ வேலை. அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். மாமா இதை விட்டால் வேற சான்ஸ் வராது என்றார். ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, கூட யாரெல்லாம் வாராங்க என்று மட்டும் கேட்டாள். சிவில் படிக்கிறவன்தானே, நீயே சொல்லு என்று எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நாலு வருஷமா பீம், காலம், எஸ்டிமேட் எல்லாம் படித்திருக்கேன். ஒரு காண்ட்ராக்டர் சொந்த ஊரை விட்டுத் தூரமாகப் போய் வேலை செய்யலாமா என்பதற்கு எந்த சிலபஸிலும் ஒரு யூனிட் கிடையாது. அதனால் ஏற்கெனவே போய்ப் பார்த்த ஒருத்தரைத் தேடினேன். கிடைத்தவர் நாராயண பிள்ளை. சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட காண்ட்ராக்டர். அவர் அங்கே போய் இருநூறு வருஷம் தாண்டிவிட்டது.

அவர் கதைக்கு முன்னாடி ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். ஊரை விட்டு நகராமலே பெரிய ஆளான காண்ட்ராக்டர்களும் உண்டு. தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியைச் சொல்லலாம். சென்னை உயர் நீதிமன்றம், விக்டோரியா பப்ளிக் ஹால் என்று நாம் செல்ஃபி எடுக்கிற சிவப்புக் கட்டடங்களில் பல அவர் கட்டியவைதான். ஆனால் அவர் காலத்தில் மெட்ராஸ் ஒரு மாகாணத்துக்கே தலைநகரம். வேலை அவர் வாசலைத் தேடி வந்தது. கடையநல்லூரில் இருக்கிறவருக்கு அது நடக்காது. மழை பெய்தால் பாதி வேலை நிற்கும், அறுவடைப் பணம் கைக்கு வரலை என்றால் மீதியும் நிற்கும்.

சரி, பிள்ளை கதைக்கு வருவோம்.

நாராயண பிள்ளை பினாங்கில் இருந்த தமிழர். பினாங்கு 1786இலிருந்தே ஆங்கிலேயர் கையில் இருந்த துறைமுகம், நம்மாட்கள் நிறையப் பேர் அங்கே தொழில் செய்துகொண்டிருந்தார்கள். 1819 பிப்ரவரியில் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் ஒப்பந்தம் போட்டபோது அந்தத் தீவில் சுமார் ஆயிரம் பேர்தான். மே மாதம் இரண்டாவது தடவை ராஃபிள்ஸ் அங்கே போனபோது, இந்தியானா என்ற அதே கப்பலில் பிள்ளையும் போனார். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் சுமார் 600 கிலோமீட்டர். நமக்கு அது ஒரு ராத்திரி பஸ் தூரம். அப்போது கப்பலில் போய், காட்டில் இறங்கணும்.

அவர் முதலில் போனது கட்டட வேலைக்கே இல்லை. கம்பெனி கருவூலத்தில் தலைமை குமாஸ்தா வேலை. வருகிற வெள்ளி நாணயம் நல்லதா கள்ளதா என்று பார்த்துச் சொல்லணும். கொஞ்ச நாளில் அந்த இடத்துக்கு மலாக்காவிலிருந்து வேறு ஒருத்தர் வந்துவிட்டார். நம்ம பாஷையில் சொன்னா, ஆன்சைட் போன இடத்தில் வேலை போச்சு. திரும்பக் கப்பலேறியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் ஊரைச் சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் கப்பல் வருகிறது, ஆள் இறங்குகிறான். எல்லாருக்கும் வீடு வேணும், கடை வேணும், கிடங்கு வேணும். கட்டுவதற்குச் செங்கல் இல்லை, கொத்தனார் இல்லை. தஞ்சோங் பகார் பக்கம் ஒரு செங்கல் சூளை போட்டார். பினாங்கில் இருந்த தெரிந்தவர்களுக்குச் சொல்லியனுப்பி கொத்தனார்கள், தச்சர்கள், துணி வியாபாரிகள் என்று ஆட்களை வரவழைத்தார். 1824இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 10,683. ஐந்து வருஷத்தில் பத்து மடங்கு! அப்படி ஒரு ஊரில் செங்கல் சூளை வைத்திருந்தவர் நிலைமையை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இங்கே சிவில் மக்கள் ஒரு விஷயம் கவனிக்கணும். தூரத்து வேலையில் செலவைக் கூட்டுவது பஸ் டிக்கெட் இல்லை. பொருளும் ஆளும்தான். செங்கல்லை ஒவ்வொரு லோடாகக் கொண்டுபோனால் லாபம் வண்டி வாடகையிலேயே போயிடும். பிள்ளை செங்கல்லைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. செங்கல் அறுக்கும் தொழிலையே கொண்டுவந்தார். அந்த ஊர் மண்ணில், அந்த ஊரிலேயே சூளை. ஆட்களும் தெரியாத ஆட்கள் இல்லை, தெரிந்தவர் மூலமாக வந்தவர்கள்.

சூளையோடு அவர் நிற்கவில்லை. கிராஸ் ஸ்ட்ரீட்டில் துணிக்கடையும் போட்டார். பிரிட்டிஷ் வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து வியாபாரம். சீக்கிரமே ஊரில் பேர் சொல்லும் பெரிய கடையானது. அப்புறம் 1822. தீ விபத்தில் கடை மொத்தமாகப் போனது. சரக்கு சாம்பல், கடன் மட்டும் அப்படியே இருந்தது.

என்னைப் பொறுத்தவரை முழுக் கதையும் இந்த இடத்தில்தான் இருக்கு. சொந்த ஊரில் கடை எரிந்தால் மச்சான் வருவார், பக்கத்துக் கடைக்காரர் வருவார், அம்மாவின் நகை வரும். தெரியாத ஊரில் கடன் கொடுத்தவர்தான் முதலில் வருவார். அடுத்த கப்பலில் ராவோடு ராவாகக் கிளம்பிப் போன வியாபாரிகள் உலகத்தில் எத்தனையோ பேர். பிள்ளை போகவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டார். அந்த அக்டோபரில் ராஃபிள்ஸ் திரும்பவும் சிங்கப்பூர் வந்தபோது அவரிடம் போய் நிலைமையைச் சொன்னார். ஊரின் வியாபார மையமாக வளர்ந்துகொண்டிருந்த இடத்தில், இன்றைக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்று வானத்தைத் தொடுகிற கட்டடங்கள் நிற்கிற இடத்தில், அவருக்கு நிலம் கிடைத்தது. அங்கே கிடங்கு போட்டார், கடனை அடைத்தார், மறுபடியும் எழுந்தார்.

அவருக்கு அதிர்ஷ்டம், பெரிய இடத்துத் தொடர்பு இருந்தது என்று சொல்லலாம். உண்மைதான். கவர்னர் மாதிரி ஒரு ஆளைப் போய்ப் பார்க்க முடிவது எல்லாருக்கும் வாய்க்காது. ஆனா மூணு வருஷமாக அந்த ஊரில் வேலை கொடுத்து, ஆளைக் கொண்டுவந்து, சொன்னதைச் செய்தவர் என்பதால்தான் அவர் கேட்ட தவணைக்கு மதிப்பு இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் கோயில். வந்த தமிழர்கள் கும்பிட ஒரு இடம் வேணும் என்று நிலம் கேட்டார்கள். முதலில் தெலோக் ஆயர் பக்கம் ஒரு இடம். மலாய் மொழியில் அந்தப் பேருக்கு நீர் விரிகுடா என்று அர்த்தம். ஆனால் பூஜைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே வசதியாக இல்லை. இரண்டாவது இடம் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் பக்கம். அது நகரத் திட்டத்துக்கு ஒத்துவரலை. மூன்றாவதாக 1823இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் கிடைத்த இடம் நின்றது. சைட் செலக்‌ஷன் பற்றி செமினார் எடுக்கிறவர்கள் இதைத் தாராளமாக எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்து ஒரு சின்னக் கோயில் எழுந்தது. பிள்ளை அதில் அம்மனை எழுந்தருளச் செய்தார். செங்கல் சூளை போட்டவர் முன்நின்று கட்டிய கோயில் ஓலைக் கூரையில்தான் ஆரம்பித்தது. செங்கல் கட்டடம் வந்ததெல்லாம் 1843 வாக்கில். அதுதான் ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1973இல் சிங்கப்பூர் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. பக்கத்துத் தெருக்களுக்கு பகோடா ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட் என்று பேர் வந்ததும் அந்தக் கோயிலால்தான்.

அந்தக் கோயில் சாமி கும்பிட மட்டும் இல்லை. கப்பலில் புதுசாக வந்து இறங்கியவர்கள் வேலையும் தங்க இடமும் கிடைக்கிற வரை ஒதுங்கியது அங்கேதான். பிள்ளை தமிழர்களுக்குள் வந்த சண்டை சச்சரவைத் தீர்த்து வைக்கிற தலைவராகவும் இருந்தார். அதாவது ஆளைக் கூட்டிக்கொண்டு போனவர், கூட வந்தவர்கள் எங்கே படுப்பார்கள், யாரிடம் போய் முறையிடுவார்கள் என்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். 2019இல் சிங்கப்பூர் நதிக்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பேருக்குச் சிலை வைத்தார்கள். அதில் ஒருத்தர் நம்ம காண்ட்ராக்டர்.

இதில் கடையநல்லூர் எங்கே வந்தது என்று கேட்பீங்க. பிள்ளை சூளை போட்டாரே அந்தத் தஞ்சோங் பகார், நூறு வருஷம் கழித்து அங்கே குடியேறியவர்களில் நிறையப் பேர் எங்க ஊர்க்காரர்கள். தறி நெய்தவர்கள் துறைமுக வேலைக்கும் கடை வேலைக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1941லேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்தார்கள். 1946இல் உமறுப் புலவர் பேரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே ஆரம்பித்தார்கள். எங்க தெருவில் பாதி வீட்டுக்கு ஒரு சிங்கப்பூர் தாத்தா கதை இருக்கும். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இப்போ அப்பாவின் பழைய கதை. நான் ஏழாவது படிக்கும்போது வேறு மாவட்டத்தில் ஒரு கடைக் கட்டட வேலைக்குப் போனார். பேரெல்லாம் வேண்டாம். வெளியூர்க்காரர் என்றதும் மணலுக்கும் ஜல்லிக்கும் கடன் இல்லை, ரொக்கம்தான். ஆட்களுக்குத் தங்க தகர ஷெட், மழைக்கு ஒழுகும். ஒரு சித்தாளுக்குக் காய்ச்சல் வந்தப்போ எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றுகூடத் தெரியவில்லை. வேலை முடிந்தது, கடைசி பில் வரவே இல்லை. அதைக் கேட்டு ஒவ்வொரு தடவை போய் வருவதற்கும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. ஒரு கட்டத்தில் அப்பா போவதையே விட்டுட்டார். அம்மாவின் வளையல் போனது அந்த வருஷம்தான். வேண்டவே வேண்டாம் என்று அம்மா சொன்னதற்குப் பின்னால் இது இருக்கு.

தப்பு தூரத்தில் இல்லை என்று இப்போ எனக்குத் தோணுது. எரிந்தால் தவணை கேட்க அந்த ஊரில் ஒரு ஆள்கூட இல்லாமல் போனதுதான் தப்பு. லீவு முடியுறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் பேப்பரின் பின்பக்கம் மூணு கேள்வி எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். செங்கல், மணல், கம்பி அந்த ஊரிலேயே யார் கொடுப்பார்கள்? கூட வருகிற ஆட்கள் எங்கே படுப்பார்கள்? மூணு மாசம் பில் வரலை என்றால் யார் நமக்குக் கடன் தருவார்கள்?

அப்பா ஒண்ணும் சொல்லலை. ரெண்டு நாள் கழித்துத் தனியாக ஓசூருக்கு பஸ் ஏறினார். சைட்டை விட அங்கே இருக்கிற ஹார்டுவேர் கடைகளையும் செங்கல் காரர்களையும் பார்ப்பதில்தான் நாலு நாளும் போனதாம். திரும்பி வந்து இருபது வீட்டுக்குப் பதிலாக முதல் கட்டமாக எட்டு வீடு மட்டும் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் பேஸ்மென்ட், லிண்டல், கூரை முடிந்ததும் அதற்கான பில்லைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேசி, எழுதி வாங்கினார். பதினோரு பேர் கூடப் போனார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் பதினோரு பேரின் வீட்டுக்கும் ஆச்சி நடந்தே போய்ப் பேசிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று அப்போதான் எனக்குப் புரிந்தது.

போன வாரம் அப்பா வாட்ஸ்அப்பில் முதல் போட்டோ அனுப்பினார். அஸ்திவாரம் தோண்டுற போட்டோ வரும் என்று நினைத்தேன். வந்தது ஆட்கள் தங்குகிற ஷெட். ஒழுகாத கூரை, பக்கத்தில் தண்ணி டேங்க், கொடியில் பதினோரு பேர் சட்டை காயுது.