ஜே. ஜி. பாரி தாமஸ்

புதிதாய்ச் செய்த பொருளைக் கையாளுவோர் உலகில் பலர். சிதைந்து கிடக்கும் பொருளிலே அதன் முழு உருவத்தையும் மனத்தாற் கண்டு, குறைந்த உறுப்புக்களைத் தாமே செய்து பொருத்தி, அதை மீண்டும் இயங்கச் செய்வோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராய் விளங்கியவர் ஜான் காட்பிரே பாரி தாமஸ் என்னும் யந்திர நிபுணர். மோட்டார் வேகச் சரித்திரத்தில் அவர் பெயர் நிலைபெற்றுள்ளது. ஆயினும் அவர் ஓட்டிய வேகத்தைக் காட்டிலும், அவர் வண்டியைச் செப்பனிட்ட முறையும், பின்னர் அவ்வண்டியைப் பிறரொருவர் செப்பனிட்ட வரலாறுமே மாணவராகிய நம் சிந்தனைக்கு உரியவை.

பாரி தாமஸ் 1884-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ஆம் தேதி வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் நகரத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு குருவானவர். இளமையில் ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரிற் பயின்று, பின்னர் லண்டன் மாநகரிலே யந்திர சாஸ்திரம் கற்றார். என்ஜினின் சக்தியைச் சக்கரங்களுக்கு மின்சார வாயிலாகச் செலுத்தும் முறையொன்றைக் கண்டுபிடித்து, அதற்கு உரிமைச் சாசனமும் பெற்றார்.

அவருடைய நுண்ணறிவைக் கண்ட லேலண்ட் மோட்டார்க் கம்பெனியார் அவரைத் தங்கள் தலைமை நிபுணராக நியமித்தனர். பாரத்தை ஏற்றிச்செல்லும் பெரிய வண்டிகளைச் செய்துவந்த அக்கம்பெனிக்காக, செலவைக் கருதாது மிக உயர்ந்த வண்டியொன்றைப் படைக்க அவர் முற்பட்டார். ரீட் ரெயில்டன் என்னும் வாலிபர் அவருக்கு உதவியாளராய் இருந்தார். எட்டு சிலிண்டர்களை ஒரே வரிசையிற் கொண்ட அந்த ‘லேலண்ட் எட்டு’ 1920-இல் லண்டன் காட்சியில் வைக்கப்பட்டு எல்லோருடைய பாராட்டையும் பெற்றது. ஆனால் அதன் விலையைக் கொடுக்க வல்லார் மிகச் சிலரே. இருபதுக்கும் குறைவான வண்டிகளே செய்யப்பட்டபின் அம்முயற்சி கைவிடப்பட்டது.

பாரி தாமஸ் உயர்ந்த உத்தியோகத்தை விட்டு விலகி, புரூக்லண்ட்ஸ் என்னும் பந்தயப் பாதையின் நடுவே ஒரு சிறு வீட்டில் குடிபுகுந்தார். விவாகம் செய்துகொள்ளாத அவருக்குத் தொழிற்சாலையே இல்லமாயிற்று. தாமே திட்டமிட்ட வண்டியைத் தாமே திருத்தித் தாமே ஓட்டிப் பல பந்தயங்களில் வெற்றிகொண்டார். பின்னல் வேலைப்பாடுள்ள கம்பளிச் சட்டையுடன் வண்டியில் அமர்ந்திருக்கும் அவர் தோற்றம் அக்காலத்தோர் யாவரும் அறிந்ததொன்று.

இந்நிலையில், 1924-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், செல்வரும் பந்தயப் பிரியருமான லூயி ஸ்பராவ்ஸ்கி பிரபு இத்தாலியிலே மான்ஸா பந்தயத்தில் மாண்டார். அவர் விட்டுச்சென்றவற்றுள் ‘ஹையம் ஸ்பெஷல்’ என்னும் பெருவண்டி ஒன்று. அது ஒரே தொழிற்சாலையில் தோன்றியதன்று. பற்பல இடங்களிலிருந்து சேகரித்த உறுப்புக்களை ஒன்றாய்ப் பூட்டிய வண்டியாகும். அதன் என்ஜின் அமெரிக்காவில் ஆகாய விமானத்துக்கென்று செய்யப்பட்ட லிபர்ட்டி என்ஜின். பன்னிரண்டு சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் உடையது. கியர்ப் பெட்டியோ ஜெர்மனி தேசத்துப் பழைய பென்ஸ் பந்தய வண்டியினுடையது. கியர்ப் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டு சேர்த்தவை, சைக்கிளிற் காண்பது போன்ற, ஆனால் மிகப் பருத்த, இரண்டு சங்கிலிகள்.

இவ்வண்டியைப் பாரி தாமஸ் 125 பவுனுக்கு வாங்கினார். உலக வேக வெற்றியைப் பெறுதற்குப் பெருங்கம்பெனிகளும் தனவந்தர்களும் ஏராளமாய்ப் பொருள் செலவிட்ட காலம் அது. அவரோ பிறர் விட்ட வண்டியை எடுத்து, தாமே வகுத்த பிஸ்டன்களையும், நான்கு கார்புரேட்டர்களையும் அமைத்து, காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும்படி மேற்கூட்டையும் மாற்றி, ‘பாப்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார்.

வேல்ஸ் நாட்டின் தென்கரையில் பெண்டைன் என்னும் ஊரில் ஏழு மைல் நீளமுள்ள மணற்பரப்பு உண்டு. அலை வற்றும்போது அது விரிந்த பாதைபோல் ஆகும். அங்கே 1926-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி பாப்ஸ் மணிக்கு 169 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடி, அதுகாறும் இருந்த உலக வெற்றியைக் கடந்தது. மறுநாளே அதனை 171 மைலாக உயர்த்தினார் பாரி தாமஸ்.

1927-ஆம் வருஷம் பிப்ரவரி 4-ஆம் தேதி மால்கம் காம்பெல் என்பார் அதே மணலில் 174 மைலுக்குச் சிறிது மேற்பட்ட வேகங்காட்டி அவ்வெற்றியைத் தமதாக்கிக்கொண்டார். அதை மீட்க எண்ணிய பாரி தாமஸ் மார்ச் மாதம் 3-ஆம் தேதி பாப்ஸை மீண்டும் செலுத்தினார். விரைந்து செல்லுகையில் வண்டி நிலைகுலைந்து கவிழ்ந்தது. அவர் அவ்விடத்திலேயே உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 42. அவர் உடல் புரூக்லண்ட்ஸுக்கு அருகிலுள்ள பைபிளீட் ஆலய வளாகத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. பாப்ஸையோ பெண்டைன் மணலிலேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டனர். அம்மாதம் முடியுமுன்னே சீக்ரேவ் என்பார் அமெரிக்காவில் மணிக்கு 203 மைல் வேகத்தை எட்டினார்.

வலப்பக்கத்துச் சங்கிலி அறுந்து அவரைத் தாக்கியதே மரணத்துக்குக் காரணம் என்று அக்காலத்தார் நம்பினர். ஆகவே, அவர் அமைத்த வண்டியே அவரைக் கொன்றது என்னும் பழி அவர் திறமையின்மேல் நின்றது. மறுத்துரைக்கவல்ல ஒரே சாட்சியாகிய வண்டியோ மண்ணுக்குள் கிடந்தது.

அவர் வாழ்ந்த ஆண்டுகள் எத்தனையோ அத்தனை ஆண்டுகள் அது அவ்வாறே கிடந்தது. 1969-இல் பாங்கர் தொழிற்கல்லூரியின் யந்திரப் போதகர் ஓவன் வின் ஓவன் என்பவர் அதனைத் தோண்டியெடுத்தார். அவ்விடம் இராணுவத்தாரின் வசத்தில் இருந்தமையால் முதலில் அனுமதி பெறவேண்டியதாயிற்று. இறந்தாரின் நினைவாகப் புதைத்த ஒன்றைக் கிளறுதல் தகுமோ என்னும் கேள்வியும் எளிதாய்த் தள்ளத்தக்கதன்று.

வெளிவந்தது வண்டியென்று சொல்லத்தகாத உருவம். உப்பு மேற்கூட்டைத் தின்றிருந்தது. ஆயினும் யந்திர உறுப்புக்கள் பல திரும்பப் பயன்படும் நிலையில் இருந்தன. இல்லாத உறுப்பைக் கடையில் வாங்குதற்கு வழியில்லை. ஏனெனில் உலகில் பாப்ஸ் ஒன்றே. இத்தகைய வேலையிலே எஞ்சிய பகுதியே குருவாகும். இடப்புறத்து உறுப்பு வலப்புறத்ததற்கு அளவு கூறும். சட்டகத்தில் உள்ள துளை அங்கே முன்னிருந்த தாங்கியின் இடத்தைக் காட்டும். பழைய புகைப்படம் தகட்டின் வளைவைத் தெரிவிக்கும். ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஓவன் இம்முறையே உழைத்தார். பாப்ஸ் மறுபடியும் ஓடியது. பெண்டைனிலும் புரூக்லண்ட்ஸிலும் மக்கள் காணும்படி வைக்கப்பட்டது.

பழைய தீர்ப்பும் மறு ஆலோசனைக்கு வந்தது. முதலிற் பழுதடைந்தது வலப்புறத்துப் பின்சக்கரமாயிருக்கலாம் என்றும், சங்கிலி அறுந்தது அதன் விளைவாயிருக்கலாம் என்றும் ஆராய்ந்தோர் பலர் கருதலாயினர். வண்டியைப் புதைகுழியில் விட்டிருந்தால் இவ்வாராய்ச்சிக்கு இடமே இராது. முன்னே எழுந்த கேள்விக்கு இதனைச் சிறந்த விடையாகக் கொள்ளலாம்.

மேலுமொன்று குறிப்பிடத்தக்கது. பாரி தாமஸ் வகுத்த லேலண்ட் எட்டு வண்டிகளுள் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே. அதுவும் அவர் இறந்தபின் 1929-இல், எஞ்சிய உறுப்புக்களைக் கொண்டு புரூக்லண்ட்ஸில் அவர் தோழர்கள் கூட்டியமைத்ததாகும்.

அவர் பெற்ற வேக வெற்றி ஓராண்டும் அவரிடம் தங்கவில்லை. அவர் கைவேலையோ இரண்டு வண்டிகளிலே இன்றும் நிலைத்திருக்கிறது. பிறர் கைவிட்டதை எடுத்து முழுமையாக்கினார் ஒருவர். அவர் வேலை சிதைந்தபோது அதனை முழுமையாக்கப் பிறிதொருவர் முன்வந்தார். அப்பிறிதொருவர் ஒரு கல்லூரி ஆசிரியர் என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவது. நம் பட்டறைகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் குறையுற்றுக் கிடக்கும் கருவிகள் பல. அவற்றைப் புறத்தே எறியுமுன், எஞ்சிய பகுதி நமக்குக் கற்பிப்பது யாதென்று ஒருமுறை உற்று நோக்குவோமாக.