சார்லஸ் ரோல்ஸ்

செல்வக் குடியிற் பிறந்தோர் பலர் முன்னோர் தேடிவைத்த பொருளைத் துய்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்துவிடுவர். அவ்வாறின்றி, எண்ணெயும் கரியும் படிந்த கைகளோடு உழைத்து, நிலத்திலும் வானிலும் புகழ் நாட்டியவர் சார்லஸ் ரோல்ஸ் ஆவார்.

இவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். இவருடைய தந்தையார் வேல்ஸ் நாட்டில் பெருநிலம் உடையவர். பின்னர்ப் பிரபுப் பட்டமும் பெற்றவர். ஈட்டன் பள்ளியிற் பயின்றபோதே ரோல்ஸுக்கு இயந்திரங்களின்மீது பெருவிருப்பம் உண்டாயிற்று. உடன் பயின்றோர் அழுக்கு ரோல்ஸ் என்று பெயரிட்டு நகைத்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கேம்பிரிட்ஜுப் பல்கலைக் கழகத்திற் பொறியியல் கற்ற காலத்தில், 1896ஆம் ஆண்டில், பாரிசு சென்று பெஜோ மோட்டார் வண்டியொன்றை வாங்கினார்.

அந்நாளில் மோட்டார் வண்டிகள் வழியிடையே அடிக்கடி பழுதுபடும். அவற்றை ஓட்டுதற்குத் துணிவோடு, செப்பனிடும் திறமும் வேண்டும். அவ்விரண்டும் ரோல்ஸிடம் நிறைந்திருந்தன. 1900ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடைபெற்ற ஆயிரம் மைல் ஓட்டத் தேர்வில் அவர் தங்கப் பதக்கம் பெற்றார்.

1903ஆம் ஆண்டில் இலண்டனில் மோட்டார் வாணிகம் தொடங்கினார். அவர் விற்றவை பெரும்பாலும் அயல்நாட்டு வண்டிகள். அவற்றிற்கு ஈடான வண்டி தம் நாட்டில் இல்லையே என்னும் குறை அவருக்கு இருந்தது. அப்பொழுது ஹென்றி ராய்ஸ் என்பவர் சிறந்த வண்டியொன்றைச் செய்திருப்பதாகக் கேள்வியுற்றார். ராய்ஸ் வறுமையில் வளர்ந்தவர். சிறுவயதிற் செய்தித்தாள் விற்றவர். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவர்.

1904ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் இருவரும் சந்தித்தனர். ராய்ஸின் வண்டி இரண்டு உருளைகளே உடையது. அத்தகைய பொறியை ரோல்ஸ் விரும்பாதவர். ஆயினும், வண்டியில் ஏறிச் சென்று அதன் அமைதியான ஓட்டத்தைக் கண்டதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ராய்ஸ் செய்யும் வண்டிகள் அனைத்தையும் தாமே விற்பதாக உடன்பட்டார். பிரபுவின் மகன் பெயரும் ஏழைத் தொழிலாளியின் பெயரும் இணைந்து ‘ரோல்ஸ்-ராய்ஸ்’ ஆயின. 1906ஆம் ஆண்டில் மான் தீவில் நடந்த பந்தயத்தில் அவ்வண்டியை ரோல்ஸே ஓட்டி வெற்றி கொண்டார்.

பின்னர் அவர் உள்ளம் வானை நாடிற்று. நூற்றெழுபது முறைக்கு மேல் பலூனில் ஏறிப் பறந்த அவர், 1908ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் வில்பர் ரைட்டோடு விமானத்தில் பறந்தார். 1910ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, எங்கும் இறங்காமல் 95 நிமிடங்களில் மீண்டார். இச்செயலை முதன்முதற் செய்தவர் அவரே.

விமானப் பொறிகளைச் செய்யுமாறு அவர் ராய்ஸை வேண்டினார், ராய்ஸ் இசையவில்லை. அவ்வேட்கை நிறைவேறாமலே, 1910 சூலை 12ஆம் நாள், போர்ன்மத் நகரில் விமானத்தின் வாற்பகுதி முறிந்து ரோல்ஸ் வீழ்ந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

எனினும், அவ்வேட்கை அவரோடு மடியவில்லை. முதல் உலகப் போர் மூண்டபின் ராய்ஸ் விமானப் பொறி செய்யலானார். 1919ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலை முதன்முதலாக இடைநில்லாது பறந்து கடந்த விமானத்தைச் செலுத்தியவை இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் பொறிகளே.

மாணவர்களே! ரோல்ஸின் துணிவு போற்றத்தக்கது. அதனினும் போற்றத்தக்கது, பிறப்பையும் படிப்பையும் நோக்காது, பிறர் திறமையைக் கண்டவுடன் தம் கருத்தையும் மாற்றிக்கொண்டு அதனை ஏற்ற அவர்தம் பெருந்தன்மை. அத்தன்மையை நீங்களும் பெறுதல் வேண்டும்.