ஏடின்றிக் கற்பித்தவர்

சோளகக் காற்று வீசுங்காலத்தில் எங்கள் கற்பிட்டிக் கரையிலே தோணிகள் பல ஓய்ந்து கிடக்கும். மணலில் வாளா அமர்ந்திருக்கும் மீனவ இளைஞரைக் காணுந்தோறும், டென்மார்க்கு நாட்டுப் பெரியார் குருண்ட்விக் என் நினைவுக்கு வருவார்.

1783இல் சமயகுரு ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த அவர், இலத்தீன் பள்ளியின் நெட்டுருக் கல்வியால் இளமையிலேயே உளஞ் சோர்ந்தார். 1829 முதல் மும்முறை இங்கிலாந்து சென்றவர், கேம்பிரிட்ஜில் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உண்டு, உரையாடி வாழ்தலைக் கண்டார். உழவர் மைந்தர்க்கும் அவ்வாழ்வு வேண்டும். தாய்மொழியில் உயிருள்ள பேச்சே கல்வியாதல் வேண்டும். தேர்வு வேண்டா என எழுதினார்.

அக்கருத்தைத் தழுவிப் பிறர் 1844இல் ரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளியைத் தொடங்கினர். டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றதற்கு முந்திய ஆண்டு அது. ஆனால், குருண்ட்விக் தாம் விரும்பிய சோரோப் பள்ளியோ, ஆதரித்த மன்னர் 1848இல் மறைந்தமையால் கைகூடவில்லை. பின்னெழுந்த பள்ளிகளில், உழவு ஓய்ந்த பனிக்காலத்தே இளைஞர் கூடித் தங்கினர், பாடினர், வரலாறு கேட்டனர், வாதிட்டனர். 1872இல் அப்பெரியார் மறைந்தார்.

நன்னூற் சூத்திரங்களை நெட்டுருச் செய்வித்தே முப்பதாண்டு கழித்த யான், இதனை எண்ணி நாணுகின்றேன். வருஞ் சோளகத்திலேனும் ஏடின்றிச் சென்று, அவ்விளைஞரோடு மணலில் அமர்வேன்.