கொசுவின் தடம் கண்ட மருத்துவர் கார்லோஸ் பின்லே

மனித குலத்தை வாட்டிய கொள்ளை நோய்களுள் மஞ்சள் காய்ச்சலும் ஒன்றாகும். கியூபாத் தீவிலும் அமெரிக்கத் துறைமுகங்களிலும் அது நெடுங்காலம் உயிர்களைச் சூறையாடியது. 1878ஆம் ஆண்டில் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். நோயாளியின் படுக்கையும் உடையும் கெட்ட காற்றுமே நோயைப் பரப்புகின்றன என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. அந்நம்பிக்கையை எதிர்த்து நின்ற ஒரு தனி மனிதரின் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

இளமையும் கல்வியும்

கார்லோஸ் பின்லே 1833 டிசம்பர் 3ஆம் நாள் கியூபாவில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். தாய் பிரெஞ்சுக் குடும்பத்தவர். பிரான்சில் பயிலுங்கால் தாக்கிய நோயொன்று அவருக்குத் திக்குவாயைத் தந்து சென்றது. நா தடுமாறினும் நெஞ்சம் தடுமாறாத அவர், பிலடெல்பியாவிலுள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1855இல் பட்டம் பெற்று, ஹவானா நகரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்.

தடம் தேடிய ஆய்வு

நோய் எங்கே தோன்றுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பின்லே ஆராய்ந்தார். வெப்பமான தாழ்நிலங்களில் அது பெருகியது. குளிர்காலத்திலும் உயர்ந்த மலைப்பகுதிகளிலும் அடங்கியது. நோயாளியின் இரத்த நாளங்கள் சிதைவதையும் அவர் கருத்திற் கொண்டார். ஓர் உடலின் குருதியிலிருந்து எடுத்து மற்றோர் உடலின் குருதியில் நோயைச் சேர்க்கும் இடையாள் ஒன்று இருத்தல் வேண்டும் என முடிவு செய்தார். நோய் வாழும் எல்லையும் வீடுகளில் வாழும் ஒரு கொசுவினத்தின் எல்லையும் ஒத்திருந்தன. இன்று ஏடிஸ் எஜிப்தி என வழங்குவது அக்கொசுவே.

1881 ஆகஸ்டு 14ஆம் நாள் ஹவானா அறிவியற் கழகத்தில் இக்கருத்தை அவர் வெளியிட்டார். அவையோர் ஏற்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. நண்பர் கிளாடியோ டெல்காடோவின் துணையுடன் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தும் ஐயத்திற்கிடமில்லாத சான்று கிட்டவில்லை.

பன்னிரண்டு நாள் மறைபொருள்

காரணம் யாது? நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாட்களிலேயே நலமுள்ளவர்மீது அவர் கடிக்க விட்டார். கொசுவின் உடலில் நச்சுயிரி பெருகி உமிழ்நீரை அடைய ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் வேண்டும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1898இல் மிசிசிப்பி மாநிலச் சிற்றூர்களில் வீடு வீடாக நோயின் போக்கைக் குறித்த ஹென்றி கார்ட்டர், முதல் நோயாளிக்கும் அவரால் நோயுறுவோருக்கும் இடையே இரண்டு, மூன்று வாரங்கள் கழிவதைக் கண்டார். அவ்விடைவெளி புதிருக்குத் திறவுகோலாயிற்று.

1900இல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க இராணுவக் குழு ஹவானா வந்தது. புகழ் பிறர்க்குப் போய்ச் சேருமே என்று பின்லே தயங்கவில்லை. தாம் பேணி வளர்த்த கொசு முட்டைகளை அவர்களுக்கு மனமுவந்து அளித்தார். அக்குழுவினரான ஜெசி லாசியர் கொசுக்கடியால் நோயுற்று, அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள் உயிர்நீத்தார். தொடர்ந்த சோதனைகள் பின்லேயின் கருத்தை நிலைநாட்டின. படுக்கையும் உடையும் நோயைப் பரப்பா என்பதும் தெளிவாயிற்று. 1901இல் வில்லியம் கார்கஸ் ஹவானாவின் நீர்த்தொட்டிகளை மூடச் செய்து, கொசு வளரும் இடங்களை ஒழித்தார். சில மாதங்களில் நகரை விட்டு நோய் அகன்றது.

பின்லே 1902 முதல் 1909 வரை கியூபாவின் தலைமை நலவாழ்வு அலுவலராகத் தொண்டாற்றினார். நோபல் பரிசுக்குப் பன்முறை முன்மொழியப்பட்டும் அது அவரை வந்தடையவில்லை. 1915 ஆகஸ்டு 20ஆம் நாள் ஹவானாவில் மறைந்தார்.

நமக்கு உணர்த்துவது

மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் நிலைகொண்டதில்லை. ஆயினும் அதே கொசு நம் வீட்டுக் குடத்திலும் தொட்டியிலும் முட்டையிட்டு டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பி வருகிறது. நீர்க்கலத்தை மூடிவைக்கும் ஒவ்வொரு கையும் பின்லேயின் பணியைத் தொடர்கிறது எனலாம். உண்மையைக் கண்டவர் ஊர் நகைத்தாலும் அதனைக் கைவிடலாகாது. மெய்ப்பிப்பவர் பிறராயினும் அவர்க்குத் துணைநிற்றல் வேண்டும். இவ்விரண்டையும் நம் மாணவச் செல்வங்கள் அப்பெருமகனார் வாழ்விலிருந்து கற்றுக்கொள்வார்களாக.